அம்மாவின் குஷன் வேலையும் பழுதான கம்ப்ரசரும்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும், பண்டமாரான் அக்கம்பக்கத்தாருக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரை மட்டும் கையில் பெறுகிறவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

சென்ற ஆண்டு, இறுதிச் சடங்குக்கு வந்தபோது உங்களில் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். இருதயம் பலவீனமாக இருந்த அம்மாவை ஏன் வேலை செய்ய விட்டோம் என்பதுதான் அது. பெரும்பாலானோர் அன்பினால் கேட்டீர்கள். ஒருவர் மட்டும், கார் போர்ச்சில் துணி போட்டு மூடி வைத்திருந்த கம்ப்ரசரைக் காட்டி, "இதுதான் அவங்கள கொண்டுபோயிருச்சு" என்றார். அண்ணன் அப்போது பக்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஓராண்டில் அவர் அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையிலும் காரிலும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். தான் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் நம்புகிறார்.

அதனால் அம்மாவின் வாழ்க்கையை எழுதும் இந்தப் பக்கங்களிலேயே அந்தக் கேள்விக்கும் பதில் எழுதிவிட நினைக்கிறேன். எதையும் வரிசைப்படுத்தித்தான் எனக்குச் சொல்ல வரும். முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா டெங்கில் என்ற ஊருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். அவர் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வீடுகள் கட்டுவதற்காகத் தோட்டம் விற்கப்பட்டது. குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. அம்மாவின் படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நின்றது. அந்தத் தோட்டத்தைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை. எப்போதாவது நாங்கள் கேட்டால், "கொசுக்கடிதான் ஞாபகம் இருக்கு" என்பார்.

பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் சோபா செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெண்கள் துணி தைப்பார்கள், ஆண்கள் அந்தத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஸ்டேப்பள் அடிப்பார்கள். அடிப்பதற்குக் காற்றழுத்தத்தால் வேலை செய்யும் ஸ்டேப்பள் கன் இருந்தது. அம்மாவுக்குத் தையல் பிடிக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டியிருந்தது அவருக்குச் சலிப்பாக இருந்திருக்கிறது. ஒரு நாள் ஆள் குறைவாக இருந்தபோது, "நான் அடிக்கட்டுமா, பாஸ்?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர் ஆண்கள் பக்கம்தான். கூட வேலை செய்த பெண்கள் அவரை 'துப்பாக்கி அக்கா' என்று கேலி செய்வார்களாம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சித்திதான் இதை எங்களுக்குச் சொன்னார். அம்மா மறுக்கவில்லை.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். தொழிற்சாலை மூடப்பட்டபோது, வீட்டிலேயே குஷன் வேலை செய்யலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். கிள்ளான் ஹார்ட்வேர் கடையில், ஸ்டேப்பள் கன்னுக்குக் காற்று கொடுக்கும், சக்கரம் வைத்த ஒரு சிறிய கம்ப்ரசரை வாங்கி, லோரியிலேயே கொண்டு வந்து இறக்கினார். கார் போர்ச் அம்மாவின் பட்டறை ஆனது. அப்பாவின் கார் அன்று முதல் சாலையோரத்தில் வெயிலில் நின்றது. அப்பா அதற்காக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

நான் இரண்டாம் படிவம் படிக்கும்போது அப்பா காலமானார். அதைப் பற்றி ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் வலி இருந்திருக்கிறது. கேட்டபோதெல்லாம், "ஒண்ணும் இல்ல, காத்து அடைப்பு" என்றார். மறுநாளும் லோரி எடுத்துக்கொண்டு போனார். துறைமுகத்தில் வரிசையில் நின்ற லோரிக்குள்ளேயே அவர் உயிர் பிரிந்தது. செய்தி வந்தபோது வீட்டில் இருந்தவர் அண்ணன். போய் லோரியிலிருந்து இறக்கி அடையாளம் காட்டியவரும் அவரே. அவருக்கு அப்போது பள்ளிச் சீருடை வயதுதான். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது தேவை.

அதற்குப் பிறகு குஷன் வேலைதான் எங்களைப் படிக்க வைத்தது. அண்ணன் துறைமுகத்தில் கொள்கலன் கிடங்கில் வேலைக்குப் போனார். நான் இயந்திரவியல் டிப்ளோமா முடித்து, தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அம்மா போர்ச்சில் மேடான ஒரு பலகையில் அமர்ந்து, எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானிலும் பக்கத்துத் தாமான்களிலும் உள்ள சோபாக்களுக்குப் புதுத் துணி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் வேலைப் பழக்கங்களில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய சோபாவைப் பிரிக்கும்போது உள்ளே கிடைக்கும் எதையும் அவர் எறியமாட்டார். சீப்பு, கொலுசின் திருகாணி, டிவி ரிமோட், பிள்ளைகளின் பால் பல்கூடக் கிடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, சோபாவோடு திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை ஒரு வீட்டு அம்மாவுக்கு, தொலைந்துபோனதாக நினைத்து வேலைக்காரப் பெண்ணைத் திட்டித் தீர்த்த மோதிரம் அந்தப் பையில் திரும்பி வந்தது. "மோதிரத்த நான் குடுத்துட்டேன், திட்டினத நீங்கதான் திருப்பி எடுக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது, வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்வார். "துணி நல்லாத்தான் இருக்கு, பஞ்ச மட்டும் மாத்தினா போதும்" என்று பலரை அவர் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருதயம் இரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். மாத்திரைகள், உப்புக் குறைவு, தண்ணீருக்கு அளவு என்று வீட்டின் ஒழுங்கு மாறியது. அண்ணன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு முறையும் தானே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அம்மா போர்ச்சுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் வந்து நின்றுகொள்வார். "என்னடா, போலீஸ் மாதிரி நிக்கிற?" என்று அம்மா கேட்பார். அவர் நகரமாட்டார்.

இந்த நேரத்தில்தான் வசந்தா அக்கா வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் திருமணங்களுக்கு மணவறை அலங்காரம் செய்பவர். அவருடைய நாற்காலிகளுக்கெல்லாம் அம்மாதான் பல ஆண்டுகளாகத் துணி போட்டுக் கொடுத்தார். இம்முறை வந்தது சொந்த மகளின் திருமணத்துக்காக. யானைத் தந்த நிறத்தில், சரிகை ஓடிய துணி ஒன்றை அவர் கொண்டு வந்திருந்தார்.

"ஒடம்பு முடியலன்னா சொல்லிடுங்கக்கா, நான் வேற ஆள பாத்துக்கிறேன்."

"உன் மக கல்யாணத்துக்கு வேற ஆளா? ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"ஐயோ, வாயக் கழுவுங்க!"

அம்மா சிரித்துக்கொண்டே துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வேலை தொடங்கிய சில நாட்களிலேயே கம்ப்ரசர் மக்கர் செய்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றழுத்தம் காட்டும் முள் ஏறாது. ஸ்டேப்பள் பாதிதான் இறங்கும், மீதியை அம்மா சுத்தியலால் அடிக்க வேண்டியிருந்தது. மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிடும். இவற்றையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள், முடித்து வைத்த மணமகள் நாற்காலியின் இருக்கையில் பொடிப் பொடியாக எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. ஸ்டேப்பள் கன்னிலிருந்து வெளியேறும் காற்றோடு எண்ணெயும் தெறித்திருக்கிறது. தந்த நிறத்தில் அது மறையாது. அம்மா அந்த நாற்காலியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை அப்படி நான் அதிகம் பார்த்ததில்லை.

அண்ணன் ஹார்ட்வேர் கடை முதலாளியான தவுக்கேயிடம் விவரம் சொல்லிக் கேட்டிருக்கிறார். எண்ணெய் வருகிறது என்றால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, பழசுக்குச் செலவு செய்யாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் கிளம்பும் முன், கேட்டருகில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இன்னிக்குக் கழட்டிப் பாக்கப் போறதானே?"

"ஆமா."

"பாத்துட்டு முடியாதுன்னு சொல்லிடு லா."

"பாக்கறதுக்கு முன்னாலயேவா?"

"தவுக்கேயே சொல்லிட்டாரு, ரிங் போச்சுன்னு. நான் சொன்னா அம்மா கேக்கமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. பழைய இரும்பு வாங்கற லோரி வரும்போது நான் ஏத்தி அனுப்பிடறேன். வசந்தா அக்காகிட்ட நான் பேசிக்கிறேன், வாடகை நாற்காலி எடுக்கட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் அம்மா கைப்பையோடு வந்துவிட்டார். கார் கிளம்பியது.

நான் வேலையைத் தொடங்கினேன். பராமரிப்பு வேலையில் எங்களுக்குப் பழக்கிய வழி, எளிதாகப் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது, பெரிய பாகத்தைக் கடைசியில் திறப்பது. முதலில் மின்சாரம். அம்மா சமையலறையிலிருந்து நீளமான மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்திருந்தார். அத்தனை நீளத்தில் மோட்டாருக்கு மின்னழுத்தம் குறையும். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினேன். முள் அப்படியேதான் நின்றது. அடுத்து, தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வடித்தேன். துரு நிறத்தில் வந்தது, மேலே எண்ணெய் மிதந்தது. பிறகு சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசினேன். ஒரு குழாய் இணைப்பில் மட்டும் சிறிய நுரை எழும்பியது. வெள்ளை டேப் சுற்றி இறுக்கினேன். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. எண்ணெய் அளவைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, அதிகமாக ஊற்றியிருக்கவில்லை.

மீதி இரண்டு. ஒன்று, தவுக்கே சொன்ன பிஸ்டன் ரிங். மற்றொன்று, காற்று உள்ளே போகும் வாய். வாய் எளிது, ஒரே திருகில் வந்துவிடும். கம்ப்ரசரின் முன்பக்கத்தில், டின் மூடி அளவுக்கு வட்டமாக, கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

அதன்மேல் விரல் தடிமனுக்கு ஒரு பொருக்கு இருந்தது. சந்தனம்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, அதே தட்டோடு போர்ச்சுக்கு வருவார். தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு, பெரிய கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு, கம்ப்ரசருக்கு ஒரு பொட்டு. ஆயுத பூஜையன்று மாலையும் உண்டு. கம்ப்ரசரைப் பார்த்தால் அந்த வட்ட வடிகட்டிதான் முகம் போலத் தெரியும். எனவே சந்தனத்தை அங்கேதான் வைப்பார். காய்ந்த சந்தனத்தின் மேல் குங்குமம், அதன்மேல் பிரித்த சோபாக்களின் பஞ்சுத் தூசி, அடுத்த வெள்ளி மறுபடியும் சந்தனம். காற்று நுழையும் துளைகள் ஒன்றுவிடாமல் அடைபட்டிருந்தன. நாங்கள் மூவரும் வாரம் தவறாமல் அதைப் பார்த்திருக்கிறோம். பொட்டு வைத்த மெஷின் என்பதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

வடிகட்டி இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். முள் தயங்காமல் ஏறியது. உள்ளே இழுக்கக் காற்று கிடைக்காதபோது, பிஸ்டன் கீழே இருக்கும் எண்ணெயை மேலே இழுத்துவிடும். அந்த எண்ணெய்தான் தொட்டிக்கும், குழாய்க்கும், கடைசியில் மணமகள் நாற்காலிக்கும் போயிருக்கிறது. ரிங்கில் குறை இல்லை. மெஷினில் எந்தக் குறையும் இல்லை.

கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, அம்மாவின் பலகையில் உட்கார்ந்தேன். வடிகட்டியை மறுபடி திருகி வைத்துவிட்டு அண்ணன் சொல்லச் சொன்னதைச் சொல்வது சுலபம். தவுக்கேயின் வார்த்தையும் அதற்குத் துணை. அண்ணனின் பயம் பொய்யானது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்ததில், இங்கே இரண்டு கேள்விகள் இருப்பது புரிந்தது. மெஷினைச் சரிசெய்ய முடியுமா என்பது ஒன்று. அம்மா வேலை செய்யலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். இரண்டாவதற்கு மருத்துவரும் அம்மாவும். அண்ணன் இரண்டாவது கேள்விக்கு வேண்டிய பதிலை, முதல் கேள்வியின் வாயிலாக வாங்கப் பார்த்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மெஷின் செத்துவிட்டது என்று சொன்னால் அம்மா நம்புவார். நம்பிவிட்டு, மீதி நாட்களைத் தன் கையால் கெட்டுப்போன அந்த நாற்காலியை நினைத்தபடியே கழிப்பார்.

கார் வந்தது. அம்மா இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சரிசெய்துகொண்டார். அண்ணன் நேராக என்னைப் பார்த்தார்.

"முடியாதுதானே?"

நான் வடிகட்டியை நீட்டினேன். "ரிங் நல்லா இருக்குண்ணே. இது அடைச்சிருக்கு, அவ்வளவுதான்."

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது நான் வச்சதுல்ல?"

"ஆமாம்மா. நீங்க வச்ச எடம் அது மூக்கு."

"ஐயோ கடவுளே! சாமி கும்பிட்டே கொல்லப் பாத்திருக்கேனே!" என்று சொல்லி அம்மா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட, அண்ணன் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார்ந்து சமாளித்துக்கொண்ட பிறகு, "அப்ப நெத்தி எங்கன்னு நீயே காட்டு, இன்ஜினியர்" என்றார். நான் தொட்டியின் பக்கவாட்டைக் காட்டினேன். "வயித்துலயா பொட்டு வைப்பாங்க?" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நீ வேற மாதிரி சொல்லியிருக்கலாம்" என்று என்னிடம் மெல்லத்தான் சொன்னார். அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்ன வேற மாதிரி?"

நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"மெஷின் செத்துப்போச்சுன்னு சொல்லி என்னை உக்கார வைக்கலாம்னு பாத்தீங்களா? தம்பி, டாக்டர்கிட்ட இன்னிக்கு நான் என்ன கேட்டேன், அத மொதல்ல தங்கச்சிகிட்ட சொல்லு."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மாவே மருத்துவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உட்கார்ந்து செய்யலாம், எதையும் தூக்கக்கூடாது, மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"செய்யலாம்னுதான் சொன்னாரு. செய்யணும்னு சொல்லல" என்றார் அண்ணன். அதோடு நிற்கவில்லை. "அப்பாவும் இப்படித்தான். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னாரு. அவர லோரியில இருந்து எறக்கினது யாரு? நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

அப்பா இறந்த நாளைப் பற்றி அண்ணன் எங்கள் முன்னால் பேசியது அதுதான் முதல் முறை. அம்மா அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். மிகவும் நிதானமாகப் பேசினார்.

"உங்கப்பா வேலைக்குப் போனதால சாகல. வலிய மறைச்சதால செத்தாரு. நான் மறைக்கமாட்டேன். மூச்சு வாங்கினா ஒங்கிட்டதான் மொதல்ல சொல்வேன். ஆனா நீயும் எங்கிட்ட மறைக்கக்கூடாது. ரெண்டு பேரும் பொய் சொல்லிக்கிட்டு ஒரே வீட்டுல எப்படிப்பா இருக்கறது?"

அண்ணன் தலையசைத்தார். எங்கள் வீட்டில் அன்று செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். மருத்துவர் சொன்ன மூன்றும் அப்படியே. வேலை காலையில் மட்டும். பழைய துணியைப் பிரிப்பதும் நாற்காலியைத் தூக்குவதும் அண்ணன் பொறுப்பு. மெஷின் என் பொறுப்பு. நிறுத்துவது அம்மாவின் பொறுப்பு.

புது வடிகட்டி போட்டேன், எண்ணெய் மாற்றினேன், தொட்டியையும் குழாயையும் எண்ணெய்ப் பிசுக்கு போகுமட்டும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். வெள்ளைத் துணியில் பலமுறை அடித்துப் பார்த்துப் புள்ளி எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகே கன்னை அம்மாவிடம் கொடுத்தேன். கெட்டுப்போன இருக்கைக்குத் துணி போதவில்லை. அதே சரிகையில் கடையில் கிடைத்தது சற்று மங்கலான நிறம். அம்மா யோசித்து, நாற்காலிகளின் பின்புறத் துணியை எடுத்து முன்னால் போட்டார். மங்கலான துணி பின்னால் போனது. "மேடையில முதுகு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். பின்புறத் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தவர் அண்ணன். பாதி நேரம் இருவருக்கும் சண்டைதான்.

"இழுத்துப் பிடிடா, துணி சுருங்குது."

"இதுக்கு மேல இழுத்தா கிழியும்மா."

"லோரிக்குக் கயிறு கட்டற மாதிரி இழுக்காத. பாப்பாவுக்குத் தலை வாரற மாதிரி இழு."

"எனக்கு ஏது பாப்பா? மொதல்ல பொண்ணு பாருங்க."

வசந்தா அக்கா மகளின் திருமணத்துக்கு அம்மா கிள்ளான் மண்டபத்துக்கு வந்து முன் வரிசையில் அமர்ந்தார். அட்சதை போட எல்லோரும் எழுந்தபோது, அம்மா தாலி கட்டுவதைப் பார்த்தாரா, நாற்காலியின் ஓரத்தைப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பின்னும் சில மாதங்கள் அம்மா வேலை செய்தார். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இந்த மாதங்களில்தான் இருக்கிறது. அம்மா தன் வார்த்தையைக் காப்பாற்றினார். ஒரு வரிசை அடித்துக்கொண்டிருக்கும்போதே கன்னைக் கீழே வைத்து, "இன்னிக்குப் போதும்" என்று எழுந்துவிட்ட நாட்கள் பல. அண்ணன் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாசலில் நின்று காவல் காப்பதை அவர் தானாகவே விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு காலை, அம்மா போர்ச்சுக்கே போகவில்லை. பசியாறிக்கொண்டிருந்த அண்ணனிடம் வந்து, "தம்பி, இன்னிக்கு மூச்சு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். அவராகவே சொன்னார். அதனால் நேரத்தோடு போக முடிந்தது. படுக்கையருகே நாங்கள் மாறி மாறி இருந்தோம். சித்தி பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து பேசிச் சிரித்துவிட்டுப் போனார். வசந்தா அக்கா மகளும் மருமகனும் வந்து ஆசி வாங்கினார்கள். சொல்ல வேண்டியதை அம்மா சொன்னார், கேட்க வேண்டியதை நாங்கள் கேட்டோம். அண்ணனின் கை அம்மாவின் கையில் இருந்தபோதே அம்மா அமைதியாகக் கண் மூடினார். அப்பாவுக்குக் கிடைக்காத நாட்கள் அவை.

ஆகவே கம்ப்ரசர் அம்மாவைக் கொண்டுபோகவில்லை. நாங்கள் அம்மாவை வேலை செய்ய 'விட்டோம்' என்பதும் சரியல்ல. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா எங்களிடம் எதையும் மறைக்கவில்லை, நாங்களும் அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. அதைத் தொடங்கி வைத்தது, அன்று தரையைப் பார்த்துக்கொண்டேனும் மருத்துவர் சொன்னதை உள்ளபடி சொன்ன அண்ணன்தான். அண்ணே, இந்த மலரை நீங்களும் படிப்பீர்கள். இனி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அம்மாவின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட தாதியர்க்கும் நன்றி. ஈமக் காரியங்களுக்குத் தம் பந்தலையும் நாற்காலிகளையும் கேட்காமலே கொண்டுவந்து இறக்கிய வசந்தா அக்காவுக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் அடுப்பைக் கவனித்துக்கொண்ட சித்திக்கும் நன்றி. துக்கச் செய்தி கேட்டதும் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து, வாசலிலேயே நெடுநேரம் நின்ற ஹார்ட்வேர் தவுக்கேவுக்கும் நன்றி. சடங்குகளை முறையாக நடத்திவைத்த பெரியவர்களுக்கும், தோள் கொடுத்த அண்ணனின் துறைமுக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்களில் சிலருடைய வீடுகளுக்கு வந்தபோது, அம்மா துணி போட்டுக் கொடுத்த சோபாக்களைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருப்பதைப் பார்த்தோம். பிள்ளைகளை உட்கார வேண்டாம் என்று தடுக்கிறீர்கள். அம்மாவின் நினைவாக அதைக் காக்கிறீர்கள் என்று தெரிகிறது. தயவுசெய்து உறையை எடுத்துவிடுங்கள். அதில் உட்காருங்கள், சாய்ந்து படுங்கள், பிள்ளைகள் குதிக்கட்டும். துணி நைந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துத் தருவார். ஸ்டேப்பள் வரிசை இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

மகள்